வாசலைக் காத்தவர்களின் ஞாபகங்கள்

தைப்பிங் நகரில் பேராக் அருங்காட்சியகமும் தைப்பிங் சிறைச்சாலையும் ஒரே சாலையின் இருபுறங்களில் எதிரெதிரே நிற்கின்றன. சிறை 1879ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அருங்காட்சியகம் 1883இல் தோன்றியது. ஈயச் சுரங்கங்களுக்காக நடந்த லாருட் சண்டைகளால் களைத்துப்போயிருந்த அந்தப் பிரதேசத்தில் தம் அதிகாரத்தை ஊன்றிய ஆங்கிலேயர், மனிதரை அடைத்துவைக்க ஒரு கட்டடத்தையும், அம்மனிதருடைய ஆயுதங்களையும் பாத்திரபண்டங்களையும் காட்சிக்கு வைக்க மற்றொரு கட்டடத்தையும் இவ்வளவு அருகருகே எழுப்பியது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் இந்நாட்டின் சரித்திரத்தைக் கற்க விரும்பும் ஒருவர், அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்து வெளியே வந்து எதிர்ச்சுவரை ஏறிட்டு நோக்குவாராயின், அச்சுவருக்குள் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்துகிடக்கும் ஞாபகங்களில் எத்தனை நம் கைக்கு வந்திருக்கின்றன என்ற கேள்வி அவர் மனத்தில் எழாமல் போகாது.

கைதிகளின் ஞாபகங்கள் ஓரளவு வந்திருக்கின்றன. பேராக்கின் பெஹ்ராங் உலுவில் பிறந்து, 1948 முதல் 1955 வரை விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்த அகமட் பூஸ்தமாம் தம் ஏழாண்டுச் சிறைவாசத்தை நூலாக எழுதிவைத்தார். 1974இல் பிடிக்கப்பட்டு ஆறாண்டுகள் உள்ளேயிருந்த பேராசிரியர் சைட் ஹுசின் அலியும், அவருக்கு இரண்டாண்டு பின்னால் பிடிக்கப்பட்ட காசிம் அகமட்டும், 1987இல் கைதாகி 445 நாள் கழித்து விடுதலையான குவா கியா சூங்கும் தத்தம் அனுபவங்களை எழுதினர். ஆனால் இவர்களுடைய அறைக்கதவைக் காலையில் திறந்து மாலையில் பூட்டியவர்கள், இவர்களுக்குச் சோற்றுத்தட்டை நீட்டியவர்கள், இரவில் விளக்கொளியில் தலைகளை எண்ணிக் கணக்குப் புத்தகத்தில் பதிந்தவர்கள், அந்தக் காவலர்கள் பேசிய பேச்சு எங்கே? அவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள். மாதச் சம்பளத்தையும் குவாட்டர்ஸ் வீட்டையும் வயோதிகத்தில் வரப்போகும் பென்ஷனையும் நம்பி அவ்வேலைக்குப் போனவர்கள். அவர்கள் கண்டது கைதிகள் கண்டதிலிருந்து வேறுபட்டது. அது பதிவாகாவிட்டால் சிறையின் சரித்திரத்தில் பாதி எழுதப்படாமலே போய்விடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

உலகத்தில் அரசியல் கைதிகள் என்றதும் கம்யூனிஸ்டு ஆட்சி நடந்த நாடுகளின் சிறைகள் பலருக்கு நினைவில் வரும். ருஷ்யாவின் வடகோடி முகாம்களும் ருமேனியாவின் சிறைகளும் கம்போடியாவின் கொட்டடிகளும் அத்தகையவை. மலாயாவில் நடந்தது அதன் மறுபக்கம். இங்கே கம்யூனிஸ்டுகள் சிறைக்குள் இருந்தார்கள். அவர்களோடு, கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களும், அவர்களுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும், தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசியதைத் தவிர வேறொன்றும் செய்தறியாதவர்களும் இருந்தார்கள். இருபக்கத்துச் சிறைகளிலும் பொதுவாக நின்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் காவலர்.

பேராக்கின் கதையை பத்து காஜாவிலிருந்து தொடங்குவது பொருந்தும். ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்ற சிற்றூரில் ஜப்பானியர் காலத்தில் வைத்தியம் பார்த்துவந்த சிபில் கார்த்திகேசு அம்மையார், இலங்கைத் தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவின் மனைவி. காட்டிலிருந்து போரிட்ட ஜப்பானிய எதிர்ப்பு மக்கள் படையினருக்கு இரகசியமாகச் சிகிச்சையளித்தார், மருந்து கொடுத்தார், வீட்டில் வானொலி வைத்துக் கேட்ட செய்திகளை அவர்களுக்கு எட்டச் செய்தார். அப்படையை நடத்தியது மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி. 1943இல் ஜப்பானிய ராணுவப் போலீசார் அவரைப் பிடித்து ஈப்போவிலும் பத்து காஜா சிறையிலும் வைத்துச் செய்த சித்திரவதைகளை, பின்னாளில் வெளியான அவருடைய நூலில் படிக்கும்போது, ஒரு மனித சரீரம் இத்தனையையும் எப்படித் தாங்கியது என்று நெஞ்சு நடுங்குகிறது. அவர் வாயைத் திறக்கச் செய்வதற்காக அவருடைய சின்னஞ்சிறு பெண் குழந்தையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினார்கள். அப்பொழுதும் அவர் பெயர்களைச் சொல்லவில்லை. அவரை வதைத்த ஏக்கியோ யோஷிமுரா என்ற அதிகாரி யுத்தம் முடிந்தபின் விசாரிக்கப்பட்டு மரணதண்டனை பெற்றான். பிரிட்டிஷ் அரசு அம்மையாரைச் சிகிச்சைக்காகச் சீமைக்கு அழைத்துச்சென்று ஜார்ஜ் பதக்கமும் வழங்கியது. வதையில் நொறுங்கிய உடம்பு தேறவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அங்கேயே காலமானார்.

அவர் இறந்த நான்காம் நாள், ஜூன் 16ஆம் தேதி காலையில், பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்து துரை ஆர்தர் வாக்கரும், அருகிலிருந்த பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூவரும் பத்து காஜாவில்தான் அடக்கம் செய்யப்பட்டனர். உடனே பேராக்கிலும் ஜொகூரிலும், இரண்டொரு நாளில் நாடு முழுவதிலும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அம்மையார் எந்தக் காட்டுப்படைக்கு வைத்தியம் செய்ததற்காகப் பிரிட்டிஷ் பதக்கம் பெற்றாரோ, அதே படையில் இருந்தவர்களுக்கு அதே காட்டில் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது இப்பொழுது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பேராக்கின் சித்தியவானில் பிறந்தவரும், யுத்தகாலச் சேவைக்காகப் பிரிட்டிஷ் அரசின் விருதைப் பெற்றவருமான சின் பெங், அவ்வரசாலேயே தலைக்கு விலை வைக்கப்பட்டுத் தேடப்பட்டார். இத்தகைய சடுதி மாற்றங்கள் நிகழும்போது தலைவர்கள் பெயர் மாறுகிறது, சட்டம் மாறுகிறது, கொடி மாறுகிறது. சிறையின் சுவரும் அதன் வாசலில் நிற்கவேண்டியவரின் பணியும் மாறுவதில்லை.

அவசரகால விதிகளில் பதினேழாம் விதி என்று ஒன்று இருந்தது. அதன்படி எவரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லாமல் முதலில் ஓராண்டு வரையிலும், பின்னர் இரண்டாண்டு வரையிலும் அடைத்துவைக்கலாம். காலம் முடிந்ததும் நீட்டிக்கலாம். அதனோடு பிறகு சேர்க்கப்பட்ட ஓர் உட்பிரிவு, ஒரு வட்டாரத்தில் குடியிருக்கும் ஜனங்களை ஆணும் பெண்ணும் குழந்தையுமாக மொத்தமாகப் பிடித்துச்செல்ல அதிகாரம் தந்தது. 1948க்கும் 1957க்கும் இடையில் இவ்விதிகளின்கீழ் அடைபட்டவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தூக்கிலிடப்பட்டவர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள். இருந்த சிறைகள் போதாமல், ஈப்போவில் ஒரு பெரிய தடுப்பு முகாம் எழுந்தது. தைப்பிங்கில் மறுவாழ்வு முகாம் என்ற பெயரில் ஒன்று அமைத்து, கைதிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து மனத்தை மாற்றி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான சீனர்கள் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பப்பட்டனர்; தமிழர் சிலரும் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

அந்நாட்களில் தமிழர் நெஞ்சை உலுக்கிய பெயர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை ஜில்லாவிலிருந்து சிறுவயதிலேயே மலாயா வந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். 1948 ஜூன் மாதம் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடனும் ரவைகளுடனும் பிடிபட்டதாக அவர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் மரணதண்டனை என்பது அன்றைய சட்டம். நேருவின் அரசு அவருடைய உயிருக்காக மன்றாடியது. லண்டனில் கிருஷ்ண மேனன் முயன்றார். பயனில்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார். இதே குற்றச்சாட்டில் ஜொகூரில் மரணதண்டனை விதிக்கப்பட்ட சாம்பசிவம் என்ற தமிழரின் மேல்முறையீட்டை லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் ஏற்று, தண்டனையை ரத்துச் செய்தது. ரவைகளைப் பற்றிய குற்றச்சாட்டில் விடுவிக்கப்பட்டவரை, அந்த விடுதலைக்கு மாறாகத் துப்பாக்கிக் குற்றச்சாட்டில் தண்டிக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இன்றும் சட்டம் பயிலும் மாணவர்கள் அத்தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஒருவர் தூக்குமேடைக்குப் போனார், ஒருவர் வீட்டுக்குப் போனார். புடு சிறையில் அந்த மே மாதத்து அதிகாலையில் கணபதியை அறையிலிருந்து அழைத்துச்சென்ற காவலர்கள் தம் ஆயுளின் மிச்ச நாட்களில் அதைப் பற்றி யாரிடமாவது பேசினார்களா?

சிறை என்பது சுவருக்குள் மட்டும் நடந்த காரியம் என்று எண்ணிவிடக்கூடாது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறிக்கிடந்த குடியானவர்கள் ஐந்து லட்சம் பேர்வரை, பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களில் திரட்டிவைக்கப்பட்டனர். கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் இன்றும் அக்கிராமங்கள் நிறைந்திருக்கின்றன. ரப்பர் தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தமிழர் லயங்களும் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு, சுற்றிலும் முள்கம்பி வேலி போடப்பட்டு, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நிறுத்தப்பட்டனர். அக்காவலர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துக் கம்போங்குகளிலிருந்து சேர்க்கப்பட்ட மலாய் இளைஞர்கள். துப்பாக்கி பிடிக்கக் கற்றுச் சில வாரங்களே ஆனவர்கள் பலர்.

அந்த வாசலில் விடியற்காலையில் நடந்ததைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். ஊரடங்கு நீங்கும்வரை வேலி திறக்காது. பெரட்டு என்ற ஆள்கணக்கு முடிந்து, காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலையில் விளக்குக் கட்டி, பால்மரம் வெட்டப் போகும் ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்களே நிறுத்தப்பட்டார்கள். அரிசி, சர்க்கரை, உப்பு, மருந்து, பாட்டரிக்கட்டை எதுவும் வேலியைத் தாண்டக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கென்று ஒரு கவளம் சோறுகூடக் கொண்டுபோக முடியாத இடங்கள் பல இருந்தன. நடுப்பகல்வரை மரத்துக்கு மரம் ஓடிப் பால் எடுத்தவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். கடையில் டப்பா மீனோ டப்பா பாலோ வாங்கினால், கடைக்காரர் அதைக் கொடுக்குமுன் மூடியில் ஓட்டை குத்திக் கொடுக்கவேண்டும் என்பது கட்டளை. ஓட்டை விழுந்த டப்பா சீக்கிரம் கெட்டுவிடும். காட்டிலிருப்பவருக்கு அதைச் சேமித்துவைக்க இயலாது. பின்னர் சில வட்டாரங்களில் அரிசியை அரிசியாக விற்பதையே நிறுத்தி, பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கி அளந்துகொடுத்தார்கள். சோறு மறுநாளே புளித்துவிடும் அல்லவா? ஒரு தேசத்தின் யுத்தம் முழுவதும் ஒரு குடும்பத்தின் சோற்றுப்பானைக்குள் வந்து இறங்கிவிட்டிருந்தது.

அன்றைய தோட்டத்துத் தாய் ஒருத்தி, காட்டுக்குள் இருக்கும் தன் தம்பிக்காகச் சேலை மடிப்பில் ஒரு பொட்டலம் மறைத்து வைத்திருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைச் சோதிக்க நின்றவள் அதே லயத்தில் அடுத்த வீட்டில் குடியிருந்தவளாகவும் இருக்கலாம். கை பொட்டலத்தில் பட்ட அந்த விநாடியில் சோதிப்பவள் என்ன செய்தாள்? கண்டுகொள்ளாமல் விட்டாளா, கான்ஸ்டபிளை அழைத்தாளா? அழைத்திருந்தால் அன்று மாலை குழாயடியில் மற்றப் பெண்களின் முகத்தில் எப்படி விழித்தாள்? சட்டநூலும் அரசாங்க அறிக்கையும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லா. அந்த வாசலில் நின்றவர்களால் மட்டுமே சொல்ல முடியும்.

1952 மார்ச்சில் பேராக்கின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிமுக்கு அருகே, தண்ணீர்க் குழாயைச் செப்பனிடப் போன கூட்டத்தைக் காட்டிலிருந்தவர்கள் மறைந்திருந்து தாக்கிப் பன்னிரண்டு பேரைக் கொன்றனர். இறந்தவர்களில் மைக்கேல் காட்னர் என்ற உதவி மாவட்ட அதிகாரியும் ஒருவர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து, மரக்குதிரையின் மறைவில் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் ஒருவராக உலகப் புகழ்பெற்றவர் அவர். புதிதாகப் பதவியேற்றிருந்த ஹைகமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊராரைக் கூட்டிவைத்துக் கண்டித்துவிட்டு, நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணிநேர ஊரடங்கும் பாதி அரிசி ரேஷனும் ஊர் முழுவதற்கும் தண்டனையாக விதித்தார். அந்த நாட்களில் ஊரில் காவல் நின்றவர்களுக்கு ஊரே சிறையாக இருந்தது.

காவலர் கைதிக்குச் சத்துரு, அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடலாம். சுலபமான முடிவு அது. ஆனால் சிறைவேலையின் தன்மையைக் கொஞ்சம் கவனித்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. காவலர் எட்டுமணி நேரம் உள்ளே இருக்கிறார். கைதியோடு பேசாதே என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. தலை எண்ணிக்கை ஒன்று குறைந்தால் தண்டனை அவருக்கு. கைதியின் காய்ச்சலும் கைதியின் அழுகையும் அவர் காதில்தான் முதலில் விழுகின்றன. தைப்பிங் சிறையில் ஆரம்ப நாட்களில் பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைக் காவலுக்கு வரவழைத்தார்கள். உள்ளூராருக்கும் காவலருக்கும் பாஷையும் உறவும் ஒன்றாக இருப்பதை அதிகாரம் எப்பொழுதுமே சந்தேகத்தோடு பார்த்திருக்கிறது. பின்னர் மலாய்க்காரர்களும் தமிழர்களும் அவ்வேலையில் சேர்ந்தனர்.

கம்யூனிஸ்டு ஆட்சியின் சிறையொன்றில் காவல் நின்றவர்கள் வாய்திறந்து பேசிய உதாரணம் நமக்கு அண்டை தேசத்திலேயே இருக்கிறது. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி நடந்தபோது, தலைநகர் நோம்பென்னில் பள்ளிக்கூடமாக இருந்த ஒரு கட்டடத்தை எஸ்-21 என்ற இரகசியச் சிறையாக மாற்றினார்கள். குறைந்தது 12,272 பேர் அங்கே கொண்டுவரப்பட்டு மடிந்தனர் என்று பின்னாளில் நீதிமன்றம் கணக்கிட்டது. உயிரோடு வெளிவந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் வான் நாத் என்ற ஓவியர். தலைவரின் உருவத்தைத் தீட்டத் தெரிந்ததனால் உயிர்பிழைத்தவர் அவர். விடுதலைக்குப்பின் தாம் கண்டவற்றையும் சககைதிகளிடம் கேட்டவற்றையும் ஓவியங்களாக வரைந்தார்.

அச்சிறையின் காவலர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து சேர்க்கப்பட்ட, பதினாறு பதினெட்டு வயதைத் தாண்டாத பையன்கள். ஹிம் ஹுய் என்பவர் அவர்களில் ஒருவர். காவலில் நின்றதோடு, கைதிகளை லாரியில் ஏற்றிக் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லும் வேலையையும் செய்தவர். 1996இல் ஓவியர் வான் நாத் அவரைச் சந்தித்தபோது, தம் ஓவியங்களைக் காட்டி, இவற்றில் மிகைப்படுத்தியது ஏதேனும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் ஹுய். இதைவிடக் கொடியவையும் நடந்தன என்றார். கைதி வரைந்த சித்திரத்துக்குக் காவலர் சாட்சிசொன்ன அந்தச் சந்திப்புக்கு ஈடான ஒன்று சிறைச் சரித்திரத்தில் அபூர்வம். 2009இல் அச்சிறையின் தலைவனான டுச் என்பவன் மீதான விசாரணையில் ஹுய் நீதிமன்றத்திலும் சாட்சியம் அளித்தார். கட்டளையை மீறியிருந்தால் தானும் கைதியாகியிருப்பேன் என்பதே அவர் வாதம். அது வெறும் சாக்குப்போக்கு அன்று. எஸ்-21இல் பணியாற்றிய பலர் சந்தேகத்துக்கு உள்ளாகி அதே அறைகளில் அடைக்கப்பட்டு மாண்டார்கள். ஆனாலும் அந்த உண்மை, லாரியில் ஏற்றப்பட்டவர்களுக்கு நேர்ந்ததை அணுவளவும் குறைப்பதில்லை. இரண்டையும் ஒருங்கே மனத்தில் ஏந்தவேண்டியிருப்பதுதான் இத்தகைய சாட்சியத்தைக் கேட்பவரின் சிரமம். டுச்சுக்கு 2010இல் முப்பத்தைந்தாண்டு தண்டனையும், மேல்முறையீட்டில் 2012இல் ஆயுள்தண்டனையும் விதிக்கப்பட்டன. 2020இல் அவன் இறந்தான்.

அச்சிறையைப் பற்றி ரித்தி பான் என்ற இயக்குநர் 2003இல் ஒரு திரைப்படம் எடுத்தார். குடும்பத்தாரைக் கெமர் ரூஜ் ஆட்சியில் பறிகொடுத்தவர் அவர். பழைய காவலர்களை அதே கட்டடத்துக்கு அழைத்துச்சென்று, நீங்கள் அன்று செய்த வேலையைச் செய்துகாட்டுங்கள் என்றார். அறை இப்பொழுது காலி, கைதி யாரும் இல்லை. ஆனாலும் அவர்களில் ஒருவர் கதவைத் திறக்கிறார், பூட்டை இழுத்துப் பார்க்கிறார், இல்லாத கைதியை அதட்டுகிறார், எழுந்திருக்காதே என்கிறார், சிறுநீர் கழிக்கும் டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார், கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்கு நடக்கிறார். கேள்விகேட்டபோது தடுமாறிய நாக்கு, கைகால்கள் வேலையைத் தொடங்கியதும் தடுமாறவில்லை. மனம் மறைக்க விரும்பியதைச் சரீரம் இருபத்தைந்து வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தது. காவலரிடம் பெரிய கேள்விகளைக் கேட்டால் பெரிய சொற்களே பதிலாக வரும். சாவியைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும் கேட்டால் உண்மை வரும் என்பதை அந்தப் படத்திலிருந்து நான் கற்றேன்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மலாயாவில் கணபதியின் உயிருக்காக இந்திய அரசு மன்றாடி ஒன்பது மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருபத்திரண்டு பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலபார்ப் பகுதி விவசாயிகள். ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. அன்று துப்பாக்கியைத் தூக்கிய கைகள் யாருடையவை, அவர்கள் பின்னாளில் என்ன நினைத்தார்கள் என்பது பேசப்படுவதில்லை.

மலாயாவின் அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. போலீசார் அறுபது நாள் தனியறையில் வைத்து விசாரிக்கலாம், பிறகு மந்திரியின் கையெழுத்தால் இரண்டாண்டு தடுத்துவைக்கலாம், அதையும் புதுப்பிக்கலாம். கம்யூனிஸ்டுகளுக்காகவே இச்சட்டம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். தைப்பிங்குக்கு அடுத்த கமுந்திங்கில் எழுந்த தடுப்பு முகாமுக்குள், காட்டுடன் எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவர்கள் நாளடைவில் கொண்டுவரப்பட்டார்கள். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டபோது, அவர்களில் போக்குவரத்துத் தொழிலாளர் தலைவர் டேவிட்டும் பேராக் மக்களின் அன்புக்குரிய அரசியல்வாதி பட்டுவும் இருந்தனர். கம்யூனிஸ்டுக் கட்சி 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாயில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஆயுதங்களைக் கீழே போட்டது. சட்டம் கீழே வைக்கப்படவில்லை. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் இந்தியர்கள் திரண்ட பேரணிக்குப் பின், ஹிண்ட்ராப் என்ற இந்தியர் உரிமை இயக்கத்தின் தலைவர்களான உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவரும் டிசம்பரில் பிடிக்கப்பட்டு இதே கமுந்திங்குக்குத்தான் அனுப்பப்பட்டனர். அங்கே இருந்தபடியே மனோகரன் மறு ஆண்டு மார்ச்சில் சிலாங்கூர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐவரில் கடைசியாக எஞ்சியவர்கள் 2009 மே மாதம் வெளிவந்தனர்.

அதற்குப் பின்னும் கம்யூனிசம் என்ற சொல் ஓயவில்லை. 2011இல் மலேசிய சோஷலிஸ்டுக் கட்சியினர் முப்பது பேர், கம்யூனிசத்துக்கு உயிரூட்ட முயன்றனர் என்ற குற்றச்சாட்டின்பேரில் பிடிக்கப்பட்டனர். அவர்களில் அறுவர் அவசரகாலச் சட்டமொன்றின்கீழ் சுமார் நான்கு வாரம் விசாரணையின்றி வைக்கப்பட்டனர். அறுவரில் ஒருவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். அன்றைய சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர். தோட்டத் தொழிலாளருக்காக உழைத்த அந்த வைத்தியரைக் காவலில் வைத்தவர்கள், 1948ஆம் வருஷத்து வார்த்தையையே 63 ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்து உபயோகித்தார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012 ஜூலை இறுதியில் விலக்கப்பட்டது. வேறு பெயர்களில் விசாரணையற்ற காவல் இன்றும் இருக்கிறது.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பல இப்பொழுது செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, அங்கே பிறந்தவர்கள் ஈப்போவின் மலிவுவிலை அடுக்குவீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். வேலி வாசலில் வரிசையில் நின்ற சிறுவருக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. கமுந்திங்கில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சாவிக்கொத்தைச் சுமந்தவர்கள் ஓய்வுபெற்றுத் தைப்பிங்கிலும் சுற்றுவட்டாரத்துக் கம்போங்குகளிலும் வாழ்கிறார்கள். அதிகார இரகசியச் சட்டத்துக்கு அஞ்சியும் அக்கம்பக்கத்தாரின் பேச்சுக்கு அஞ்சியும் மௌனமாக இருப்பவர்கள் சிலர். யாரும் இதுவரை வந்து கேட்காததனால் பேசாதவர்கள் பலர் என்றே நம்புகிறேன். தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழிச் சரித்திரத்தைப் பதிவுசெய்து வருகிறது. அதில் மந்திரிகளுக்கும் தளபதிகளுக்கும் கிடைக்கும் நாற்காலியில் ஓய்வுபெற்ற வார்டன் ஒருவரையும் உட்காரவைக்கவேண்டும். அவர் கூறப்போவதைக் கொண்டு அவரைத் தண்டிக்கமாட்டோம் என்ற உறுதியையும் அரசு தரவேண்டும். அந்த உறுதியில்லாமல் நேர்மையான வார்த்தை வெளிவராது. கொடுமை செய்தவர்களை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதையும் இதையும் கலந்தால் இரண்டும் கெடும்.

போய்க் கேட்பவர் எடுத்த எடுப்பில் நியாய அநியாயத்தைக் கேட்கவேண்டாம். எத்தனை மணிக்கு ஷிப்டு மாறும், தலையெண்ணும்போது வாய்விட்டு எண்ணுவீர்களா மனத்துக்குள் எண்ணுவீர்களா, மழைநாளில் கைதிகளின் துணி எங்கே காயும், தீபாவளிக்கும் பெருநாளுக்கும் உள்ளே என்ன சமையல், மனைவியைப் பார்க்க அனுமதித்த அரைமணி நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள், அவர்கள் பேசியது காதில் விழுந்ததா, விழுந்ததை மேலதிகாரி கேட்டபோது சொன்னீர்களா என்று கேட்கட்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் அப்பாவிடம் இன்று என்ன நடந்தது என்று கேட்டதுண்டா, கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் இப்பொழுது ஐம்பது அறுபது வயதிருக்கும். தகப்பனார் பேச மறுத்தால், அவர்களிடமும் கேட்கலாம்.